வலது கைத் தோடு

ஜெயலக்ஷ்மிக்கு அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. கடைசியில் எப்படியாவது நடந்துவிடும் என்று நீங்கள் நம்பிக்கொண்டே வந்தால், சொல்கிற எனக்குத் தாங்காது.

எழுபத்தெட்டாம் வருஷம், கொச்சியில் மட்டாஞ்சேரி. எங்கள் சந்தில் ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. எல்லாரும் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து எப்போதோ வந்தவர்கள். எனக்கும் பாக்கியலக்ஷ்மிக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அவள் அந்தப் பக்கம் மிளகாய் தாளித்தால் இந்தப் பக்கம் நான் தும்முவேன். அவளுக்கு ஒரே பெண், ஜெயலக்ஷ்மி. வில்லிங்டன் ஐலண்டில் ஒரு கம்பெனியில் டைப் அடிக்கிற வேலை. காலையில் எட்டேகால் போட்டில் போவாள்.

அதே போட்டில் வெங்கிடேஸ்வரன் என்று ஒரு பையனும் போய்வந்தான். ஐலண்டிலேயே ஓர் ஆபீஸில் குமாஸ்தா. அவன் வீடு தோப்பும்படியில். அங்கிருந்து ஐலண்டுக்குப் பாலம் இருக்கிறது, பஸ் இருக்கிறது. அதை விட்டுவிட்டு மட்டாஞ்சேரி ஜெட்டி வரைக்கும் நடந்து வந்து போட்டு ஏறுகிறவனுக்குப் போட்டின் மேல் அவ்வளவு ஆசையா என்ன?

"தண்ணியைப் பார்த்துண்டு போனா தலைவலி வராதாம் அவருக்கு," என்பாள் ஜெயா.

"ஓ, தண்ணியை ஆக்கும் பார்க்கறான்!" என்பேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இரண்டு வீட்டுக்கும் சம்மதம்தான். ஐப்பசியில் நிச்சயதார்த்தம் ஆயிற்று. தை மாசம் முகூர்த்தம் என்று நாளும் குறித்தார்கள். அந்த நிச்சயத்துக்கு நான் ஊரில் இல்லை. என் தம்பிக்கு உடம்பு சரியில்லை என்று கல்பாத்திக்குப் போய் மூன்று வாரம் இருந்தேன். நான் இருந்திருந்தால் எல்லாமே வேறு மாதிரி ஆகியிருக்குமோ, இன்னும் மோசமாகத்தான் ஆகியிருக்குமோ, தெரியாது.

எங்கள் ஜனங்களுக்கு வைரத்தோடு என்பது வெறும் நகை இல்லை. கல்லில் கீற்று இருந்தால் குடும்பத்தில் கீறல் விழும், கரும்புள்ளி இருந்தால் நோய் வரும் என்று நம்புகிறவர்கள். அதனால் வாங்கினதும் காதில் போட்டுவிட மாட்டார்கள். மூன்று நாள் மஞ்சள் துணியில் முடிந்து சுவாமி அலமாரியில் வைப்பார்கள். அந்த மூன்று நாளும் வீட்டில் யாருக்கும் ஜுரம் வராமல், நல்லபடியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அப்புறம் என்னிடம் கொண்டுவருவார்கள். என் அப்பா திருச்சியில் ஒரு வைரக்கடையில் இருந்தவர். அவர் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்தே எனக்குக் கல் பார்க்க வந்துவிட்டது. கொச்சியில் எந்தத் தமிழ் வீட்டில் தோடு வாங்கினாலும், "நீலாம்பா பார்த்தாச்சோ?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கூலி கிடையாது. ஒரு தேங்காய், இரண்டு பழம்.

பார்க்கிற விதம் இப்படி. காலை எட்டு மணி வெயிலில் முற்றத்தில் நிற்க வேண்டும். வலது காதுத் தோட்டை வலது கையில் பிடித்து, இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்ப்பேன். இடது காதுத் தோட்டை இடது கையில் பிடித்து இடது கண்ணால். தோட்டுக்கு ஏழு கல் வீதம் பதினாலு கல்லையும் ஒரே கண்ணால் பார்த்தால் கண் கூசிப்போய், கடைசிக் கல் பொய் சொல்லும் என்பார் அப்பா. நானும் கையை மாற்றினதில்லை, கண்ணை மாற்றினதில்லை.

அந்த வருஷம் ஆடி மாசத்துக் கர்க்கடக மழை விட்டதிலிருந்து எனக்கு விளக்குகள் இரண்டாகத் தெரிய ஆரம்பித்திருந்தன. தெருவிளக்கின் தலைக்குமேல், கொஞ்சம் வலப்பக்கமாக, இன்னொரு விளக்கு மங்கலாகத் தொங்கும். ஈரம் காயாத கோலத்தை விரலால் இழுத்துவிட்ட மாதிரி இருக்கும். குத்துவிளக்கில் ஐந்து திரி ஏற்றினால் பத்துச் சுடர். நிலாவின் தோளில் சாய்ந்துகொண்டு இன்னொரு நிலா. பேப்பரில் எழுத்துக்கு எழுத்து சாம்பல் நிழல் விழும். மை சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் பிச்சுமணியிடம் சொன்னேன்.

"அப்போ என்னையும் ரெண்டாத் தெரியறதோ?" என்றார்.

"ஐயோ, ஒண்ணே எனக்குத் தாராளம்."

இரண்டு பேரும் சிரித்தோம். அதோடு விட்டாயிற்று. பளிச்சென்று எரிகிற பொருள் எதைப் பார்த்தாலும் பக்கத்தில் ஒரு நிழல் சுடர் நிற்கும். வயசாகிறது, எல்லாருக்கும் இப்படித்தான் போல என்று இருந்துவிட்டேன். ஒரு கண்ணை மூடிப் பார்ப்போம் என்று தோன்றவே இல்லை. கல் பார்க்கும்போது மட்டும்தான் நான் ஒரு கண்ணை மூடுவது. அந்த வருஷம் அதுவரைக்கும் யாரும் கல் கொண்டுவரவில்லை.

கார்த்திகை மாசம் ஒரு திங்கட்கிழமை காலை பாக்கியமும் கமலாக்ஷியும் வந்தார்கள். கமலாக்ஷி வெங்கிடேஸ்வரனின் அம்மா. இருபத்தொன்பது வயசில் புருஷனை இழந்தவள். அந்த ஒரே பிள்ளையை அப்பளம் இட்டு வளர்த்தாள். அவள் காதில் தோடு கழற்றின ஓட்டை மட்டும் இருந்தது.

"என் தோட்டை யாரும் பார்க்கலை, மாமி," என்றாள். "எங்கப்பா கோயமுத்தூர்லேர்ந்து வாங்கிண்டு வந்தார், காதிலே போட்டா. ஆறே வருஷம். பின்னே ஒரு வைரம் பார்க்கறவர், அதிலே கீற்று இருந்ததுன்னு சொன்னார். அதனாலதான் கேக்கறேன். உங்க கண்ணு பார்த்து நன்னாயிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கோ. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். சீரும் வேண்டாம், செனத்தியும் வேண்டாம்."

ஜெயாவுக்கு வாங்கின வைரத்தோட்டை அவள் நிச்சயத்தன்றே காதில் போட்டுக்கொண்டுவிட்டாள். நான் ஊரில் இல்லாததால், விற்ற வைரக்கடைச் சேட்டின் வார்த்தையை நம்பிப் பாக்கியம் போட்டுவிட்டிருந்தாள். அன்று காலைதான் கழற்றி எடுத்துவந்தாள்.

"பாருடீ நீலா, பேருக்கு ஒரு தடவை," என்றாள். "சேட்டு கல்லு பாலு மாதிரியாக்கும்."

முற்றத்தில் வெயில் நன்றாக இருந்தது. இடது தோட்டை முதலில் பார்த்தேன். ஏழு கல்லும் சுத்தம், நீலமாக ஒரு ஒளி. வலது தோட்டை வலது கையில் எடுத்து இடது கண்ணை மூடினேன்.

நடுக்கல்லில் ஒரு சுடர். அதற்குச் சற்று மேலே, வலப்பக்கமாக, இன்னொன்று.

திருப்பினேன். இரண்டாவது சுடர் இடம் மாறவில்லை. மற்ற ஆறு கல்லிலும் அப்படியே, அதே பக்கத்தில், அதே சாய்வில். அங்கேயே நான் யோசித்திருக்க வேண்டும். ஏழு கல்லில் ஒரே குறை ஒரே பக்கத்தில் எப்படி இருக்கும்? ஒரே பெரிய கல்லிலிருந்து வெட்டியிருப்பான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"என்னடி?" என்றாள் பாக்கியம்.

"ஒரு நிழல் ஆடறது."

"மாமரத்து நிழலாக்கும் எடீ. இந்தண்டை தள்ளி நில்லு."

தள்ளி நின்றேன். அதே கை, அதே கண். அதே நிழல்.

"எதுவானாலும் சொல்லுங்கோ, மாமி," என்றாள் கமலாக்ஷி. அவள் குரல் அதற்குள் இறங்கிவிட்டது.

"இரட்டைச் சுடர்," என்றேன்.

ஒரு கல்லுக்குள் இரண்டு தீ நின்றால் தம்பதியில் ஒருத்தர் தனியாகிவிடுவார் என்பது எங்களில் சின்னப் பெண்களுக்குக்கூடத் தெரியும். கமலாக்ஷி கத்தவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"கல்லை மாத்திடலாம், கமலம். இன்னிக்கே சேட்டுகிட்டப் போறேன்," என்றாள் பாக்கியம்.

"ஒரு மாசம் காதிலே கிடந்துடுத்தே. கழட்டினா கல்லுதான் கழண்டு வரும். மத்தது வருமோ?" என்றாள் கமலாக்ஷி. பிறகு என்னைப் பார்த்து, "நீங்க இருக்கறது நல்லதாப் போச்சு, மாமி," என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடு இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது.

குறை சொன்ன தோட்டின் திருகில் அடையாளத்துக்காகப் பாக்கியம் ஒரு சிவப்பு நூல் கட்டினாள்.

அன்று சாயங்காலமே தோப்பும்படியிலிருந்து ஆள் வந்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான். மறுநாள் முதல் வெங்கிடேஸ்வரன் பஸ்ஸில் போனான்.

ஜெயா என்னிடம் வந்தாள். அழுத முகம் இல்லை. முகத்தை நன்றாகக் கழுவிக்கொண்டு வந்திருந்தாள். கையில் அந்தத் தோடு.

"எனக்கும் காட்டுங்கோ, மாமி. எங்கே இருக்கு?"

ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினேன். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"பழகின கண்ணுக்குத்தான் தெரியும், குழந்தே," என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு போனாள். இப்படி ஒரு வார்த்தையைச் சொன்ன வாயோடுதான் நான் இத்தனை வருஷம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை பாக்கியம் மறுபடி வந்தாள். தோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போகிறாள். எது குறை என்று காட்டினால்தான் சேட்டு வாங்கிக்கொள்வானாம்.

"இன்னொரு தடவை பார்த்துச் சொல்லிடு, நீலா. அங்கே போய் நான் மாத்திச் சொல்லிடப்படாது."

அவள் நீட்டின மாதிரியே வாங்கினேன். சிவப்பு நூல் கட்டின தோடு என் இடது கையில் வந்தது. இடது கண்ணால் பார்த்தேன். ஏழு கல்லும் துளியும் மாசில்லாமல் எரிந்தன.

வலது கையில் நூல் இல்லாத தோடு. திங்கட்கிழமை நான் சுத்தம் என்று சொன்னது. இடது கண்ணை மூடிப் பார்த்தேன். சுடருக்கு மேலே சுடர்.

கைகளை மாற்றினேன். ஆயுசில் முதல் தடவை. நிழல் சுடர் நூல் கட்டின தோட்டுக்கு வந்துவிட்டது. மறுபடி மாற்றினேன். அது என் வலது கைக்கே வந்தது, வளர்த்த பூனை மாதிரி. பித்தளைக் குடத்தின் வாயில் வெயில் பட்டு ஒரு பொட்டு மின்னிக்கொண்டிருந்தது. வலது கண்ணால் பார்த்தால் இரண்டு பொட்டு. இடது கண்ணால் ஒன்று.

குறை எதில் இருந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் அந்த நிமிஷம் தெரிந்துவிட்டது.

"இதுதானேடி?" பாக்கியம் சிவப்பு நூலை என் முகத்துக்கு நேரே பிடித்துக் கேட்டாள்.

"ஆமாம்," என்றேன்.

கண் தப்பாகப் பார்த்ததற்கு நான் என்ன செய்ய முடியும்? ஆனால் இந்த "ஆமாம்" என்னுடையது. ஏன் சொன்னேன் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். டாக்டரிடம் காட்டி நிச்சயம் பண்ணிக்கொண்டு சொல்லலாம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அது வெறும் சாக்கு. நான் பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்புக்கு மேல் போகாதவள். இந்தச் சந்தில் எனக்கு ஒரு மதிப்பு இருந்ததென்றால் அது இந்தக் கண்ணால் வந்தது. அது கெட்டுப்போச்சு என்று சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவுதான்.

பாக்கியம் தோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று நாளாகத் தாளிக்கிற வாசனையே இல்லை.

டாக்டரிடம் போக எனக்குப் பத்து நாள் ஆயிற்று. பிச்சுமணிக்கு லீவு இல்லை என்றேன். ஏகாதசி என்றேன். அடுத்ததற்கு அடுத்த திங்கட்கிழமைதான் எறணாகுளத்தில் ஒரு கண் டாக்டரிடம் போனோம். அவர் என் வலது கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார்.

"அம்மே, இது திமிரம்," என்றார் மலையாளத்தில். நாம் புரை என்கிறோமே, அது. கண்ணுக்குள் இருக்கிற கண்ணாடி ஒரே சீராக மங்காமல் திட்டுத்திட்டாக மங்குகிறதாம். உள்ளே வருகிற வெளிச்சம் அங்கே இரண்டாகப் பிரிந்துவிடுகிறதாம்.

"பகல்லேயும் பிரியுமோ? கல்லு, நகை, அந்த மாதிரி?"

"மின்னுன்னது எதானாலும் அம்மே," என்றார். "முத்தினதும் ஆபரேஷன் செய்யாம். பேடிக்காண்டா."

முற்றினதும் ஆபரேஷன் செய்துகொள்ளலாம், பயப்பட வேண்டாம் என்றார். வெளியே வந்ததும் பிச்சுமணி என் கையைப் பிடித்துக்கொண்டார். விஷயம் முழுதும் அவருக்கு அப்போதுதான் சொன்னேன். "தோப்பும்படிக்கு பஸ் அந்தப் பக்கம்," என்றார்.

கமலாக்ஷி அப்பளம் உலர்த்திக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து காபி கலக்கப் போனாள். வேண்டாம் என்று சொல்லி, நின்றபடியே சொன்னேன். கல் சுத்தம், கண்ணில்தான் குறை, டாக்டர் சொன்னார், ஜெயாவை விட்டுவிடாதீர்கள் என்று.

அவள் கையில் ஒட்டியிருந்த உளுந்து மாவைத் தேய்த்துத் தேய்த்து உதிர்த்துக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கிழமை தாம்பூலம் மாத்தியாச்சு, மாமி," என்றாள். "எங்க அண்ணா பொண்ணு. அதே தை முகூர்த்தம். மண்டபத்துக்குச் சொன்னதைக்கூட மாத்தலை."

"பையன் சம்மதிச்சானா?"

"எட்டு நாள் சாப்பிடாம கிடந்தான். கல்லாவது மண்ணாவது, அவளைத்தான் பண்ணிப்பேன்னான். நானும் மனசு இளகிண்டுதான் வந்தேன். செவ்வாய்க்கிழமை ஆபீஸ்லேர்ந்து வந்தான். 'உன் இஷ்டம்போலப் பண்ணும்மா'ன்னுட்டுப் படுத்துண்டான். என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியலை. கேக்கவும் பயமா இருந்தது." ஓர் அப்பளத்தைத் திருப்பிப் போட்டாள். "அண்ணாகிட்டப் போய் இனிமே என்னன்னு சொல்லுவேன்? அதுவும் ஒரு பொண்ணு இல்லையோ?"

நான் கிளம்பத் திரும்பினேன்.

"இதை நீங்க எங்கிட்டச் சொல்லாமலே இருந்திருக்கலாம், மாமி," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரி சொன்னாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு முன்னால் பாக்கியத்தின் வீட்டுக்குப் போனேன். பாக்கியம் சமையலறையில் இருந்தாள். ஜெயா போட்டுக்குக் கிளம்பி, வாசல் அறையில் தலையைப் பின்னிக்கொண்டிருந்தாள். அவள் எதிரில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தோடு, கை மாற்றினது, குடத்து வாய், டாக்டர், தோப்பும்படி. எதையும் விடவில்லை.

அவள் பின்னலைப் பாதியில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எப்போ தெரிஞ்சுது, மாமி?"

"அந்த வெள்ளிக்கிழமை. அம்மா தோட்டைத் திருப்பிக் குடுக்கப் போனாளே, அன்னிக்கு."

"அதுக்கு அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்துது," என்றாள் ஜெயா. அவள் யாரிடமோ கணக்கு ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. "அன்னிக்கு அவர் ஜெட்டிக்கு வந்தார். போட்டிலே எங்கிட்ட வந்து உக்காந்துண்டார். 'மாமிக்கு வயசாச்சே, கண்ணிலே ஏதாவது இருக்குமோ? ஒரு டாக்டர்கிட்டக் காட்டச் சொல்லேன். கண்ணு சரியில்லைன்னு ஆச்சுன்னா எங்கம்மாவை நான் சம்மதிக்க வெச்சுடுவேன்'னார்."

நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்குக் கோபம் வந்துடுத்து, மாமி. 'எங்க மாமி கண்ணைப் பத்திப் பேசாதீங்கோ. உங்கம்மாவுக்குப் பயப்படறேள்னா அதை நேரே சொல்லுங்கோ'ன்னேன். ஐலண்டு வர வரைக்கும் அவர் வாயைத் திறக்கலை. இறங்கறச்சே, 'செரி'ன்னார்."

ஜெயா பின்னலை முடித்து ரிப்பன் கட்டிக்கொண்டாள். சமையலறை வாசலில் பாக்கியம் டிபன் பாத்திரத்தோடு நின்றிருந்தாள். எப்போது வந்து நின்றாள் என்று எனக்குத் தெரியாது. பாத்திரத்தைப் பெண்ணின் பையில் வைத்தாள். "மழை வரும், குடையை எடுத்துக்கோ," என்றாள். ஜெயா செருப்பை மாட்டிக்கொண்டு சந்தில் இறங்கி வேகமாக நடந்தாள். போட்டு ஊதுகிற சத்தம் கேட்டது.

"நூலைப் பிடிச்சுக் காட்டிக் கேட்டேனேடி," என்றாள் பாக்கியம். "உன் மூஞ்சிக்கு நேரே பிடிச்சுக் கேட்டேனே."

நான் எழுந்து வீட்டுக்கு வந்தேன். அதற்கப்புறம் அவள் என்னிடம் பேசினது நாலு வருஷம் கழித்து. கல்யாணப் பத்திரிகை கொடுக்கும்போது, "வந்துடு," என்று ஒரு வார்த்தை.

ஆமாம், ஜெயாவுக்குக் கல்யாணம் ஆயிற்று, கண்ணுகளா. எண்பத்திரண்டில். மாப்பிள்ளை நாக்பூரில் வேலை. தோடு வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாளாம். ஊருக்குக் கிளம்புகிற அன்று நமஸ்காரம் பண்ண வந்தாள். சந்தோஷமாக இருக்கிறாளா என்று அவள் முகத்தில் தேடினேன். எனக்குத் தெரியவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

எழுந்து நின்று என் கண்ணையே உற்றுப் பார்த்தாள்.

"ஆபரேஷன் பண்ணிண்டேளா, மாமி?"

"இல்லைடி."

"நாலு வருஷமாச்சே! ஏன்?"

அந்தக் கண் எனக்கு நானே விதித்துக்கொண்ட தண்டனை என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்? அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். என் புடவைத் தலைப்பு தோளிலிருந்து சரிந்திருந்தது. அதை எடுத்துச் சரியாகப் போட்டுவிட்டாள்.

"பண்ணிக்கோங்கோ. தடுக்கி எங்கேயாவது விழுந்து வெக்காதீங்கோ," என்றாள்.

அவள் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் அன்றைக்கே போய்ப் பண்ணிக்கொண்டிருப்பேன்.